உயிர்ப்பாறையோடு வந்திருப்பது யார்? – கடல்நீர்த் தொட்டி: வாசகர் கேள்வி பதில்

கடல்நீர் மீன்தொட்டி குறித்து இந்த மாதம் வந்த கடிதங்களுள் பெரும்பாலானவை ஒரே அச்சத்தைத்தான் சொல்கின்றன. காசு கொடுத்து வாங்கியது பாறையை. வீடு வந்து சேர்ந்ததோ பாறையும் அதற்குள் குடியிருக்கும் ஏதோ ஓர் உயிரும். எனவே இந்த இதழின் பக்கங்களை அந்த ஒரு பொருளுக்கே ஒதுக்கியிருக்கிறேன். இறந்த பவளத்தின் சுண்ணாம்புக் கூட்டிலோ கடலடியில் இட்டுவைத்த சுண்ணாம்புக் கல்லிலோ பாக்டீரியாவும் பாசியும் சிற்றுயிர்களும் குடியேறிய பிறகு அதை உயிர்ப்பாறை என்கிறோம். இதைப் புதிய வாசகர்களுக்காகச் சொல்லிவிட்டுக் கேள்விகளுக்குப் போகிறேன்.

கேள்வி: பத்து நாள்களுக்கு முன் ஃப்ளோரிடாவிலிருந்து 20 கிலோ உயிர்ப்பாறை வரவழைத்துப் புதுத் தொட்டியில் அடுக்கினேன். விளக்கை அணைத்த பிறகு, யாரோ கண்ணாடியை நகத்தால் சுண்டுவதைப் போலத் தொட்டிக்குள்ளிருந்து ஒலி கேட்கிறது. பாசி தின்பதற்காக விட்ட நத்தைகளில் இரண்டு, ஓடு உடைந்து கிடந்தன. கண்ணாடியே உடைந்துவிடுமோ என்று என் மனைவி அஞ்சுகிறார். பாறை முழுவதையும் வெளியே எடுத்துவிடலாமா?
– வாசகர், ஹூஸ்டன்

பதில்: எடுக்க வேண்டாம். உங்கள் தொட்டிக்குள் இருப்பது யாரென்று முதலில் தெரிந்துகொள்வோம்.

ஃப்ளோரிடாவில் இயற்கைப் பாறைகளிலிருந்து உயிர்ப்பாறையை உடைத்தெடுப்பது 1990களில் தடை செய்யப்பட்டுவிட்டது. இப்போது அங்கிருந்து வருவது, உரிமம் பெற்றவர்கள் கடலடியில் சுண்ணாம்புக் கற்களை இட்டு, உயிர்கள் அவற்றில் குடியேறும்வரை காத்திருந்து எடுக்கும் பாறை. தண்ணீரோடு விரைவாக வந்து சேர்வதால், ஈரத்தாளில் சுற்றி வாரக்கணக்கில் பயணம் செய்யும் பாறைகளைக் காட்டிலும் இதில் உயிர்கள் மிகுதியாகப் பிழைத்திருக்கும். அதன் அழகும் அதுதான். உங்கள் தொல்லைக்குக் காரணமும் அதுதான்.

இரவில் சொடுக்கொலி எழுப்பக்கூடியவை இரண்டு உயிர்கள். ஒன்று பிஸ்டல் இறால். அதன் இரு கொடுக்குகளில் ஒன்று மிகப் பெரிதாக இருக்கும். அதை அது மூடும் வேகத்தில் நீர் பீறிட்டு ஒரு குமிழி உண்டாகிறது. நாம் கேட்பது கொடுக்குகள் மோதும் ஒலியன்று, அந்தக் குமிழி நொறுங்கும் ஒலி என்பது 2000ஆம் ஆண்டு வெளியான ஆய்வில் தெரியவந்தது. அக்குமிழி நொறுங்கும் கணத்தில் உள்ளே வெப்பம் 5,000 கெல்வினுக்குக் குறையாது என்று அடுத்த ஆண்டே இன்னோர் ஆய்வு காட்டியது. இவ்வளவு ஆர்ப்பாட்டம் செய்தாலும், பிஸ்டல் இறால் பெரும்பாலும் மணலைத் தோண்டிக்கொண்டு தன் வளையைக் காத்துக்கொண்டிருக்கும் சாதுவான உயிர். சில வகைகள் கோபி மீனோடு ஒரே வளையில் கூடி வாழும். உங்கள் தொட்டியில் இருப்பது இதுவானால், அதை அப்படியே விட்டுவிடுங்கள்.

இன்னொன்று மாண்டிஸ் இறால். பெயரில் இறால் இருந்தாலும் இது வேறொரு வரிசையைச் சேர்ந்தது. கும்பிடுபூச்சியைப் போல முன்கைகளை மடக்கி வைத்துக்கொண்டு இரைக்காகக் காத்திருக்கும். சில வகைகள் அக்கைகளால் மீனைக் குத்திப் பிடிக்கும். சில வகைகள் நத்தை ஓட்டையும் நண்டின் ஓட்டையும் அடித்து உடைக்கும். மயில் மாண்டிஸ் இறாலின் அடி நொடிக்கு 23 மீட்டர் வேகம்வரை போவதாக, கலிஃபோர்னியாவின் பெர்க்லியில் நிகழ்ந்து 2004இல் வெளியான ஆய்வு அதிவேக ஒளிப்படக் கருவியைக் கொண்டு அளந்திருக்கிறது. ஃப்ளோரிடாப் பாறையில் அடிக்கடி வரும் நியோகோனோடாக்டிலஸ் வென்னரே என்னும் வகை விரல் நீளத்தைத் தாண்டுவது அரிது. ஆயினும் நத்தை ஓட்டை உடைக்க அது போதும். உங்கள் கடிதத்தில் உடைந்த ஓடுகள் இருப்பதால் என் ஐயம் இதன்மீதுதான். இந்த அளவுள்ள உயிர் நல்ல தடிமனான தொட்டிக் கண்ணாடியை உடைத்துவிடும் என்று உங்கள் மனைவி அஞ்ச வேண்டியதில்லை.

ஐயத்தைத் தீர்த்துக்கொள்ள ஓர் எளிய வழி உண்டு. சிறு கைவிளக்கின் முகப்பில் சிவப்புக் கண்ணாடித்தாளை இரண்டு மடிப்பாகக் கட்டி, விளக்குகளை அணைத்து ஒரு மணி நேரம் கழித்துத் தொட்டியருகே போய் அசையாமல் உட்காருங்கள். கடல்வாழ் உயிர்களில் பலவற்றுக்குச் சிவப்பு ஒளி அவ்வளவாகப் புலப்படாது. பாறையில் ஒரு துளையின் வாயில், தண்டின் மீது நிற்கும் இரண்டு கண்கள், ஒன்று இடப்புறமும் மற்றொன்று மேற்புறமும் எனத் தனித்தனியே சுழன்றுகொண்டிருந்தால் அது மாண்டிஸ் இறால். நான் முதன்முதலில் அந்தக் கண்களைப் பார்த்த இரவில், அதைப் பிடிக்க வேண்டும் என்ற எண்ணமே மறந்து நள்ளிரவு தாண்டியும் உட்கார்ந்திருந்தேன். அது வெளியே வந்து, தன் வாசலில் கிடந்த ஓட்டுத் துண்டுகளை ஒவ்வொன்றாகத் தள்ளிச் சுத்தம் செய்துவிட்டு, ஒரு சிறு கல்லை இழுத்து வாசலை அடைத்துக்கொண்டது.

துளை தெரிந்துவிட்டால் மறுநாள் காலையில் அந்தப் பாறையை மட்டும் எடுத்து, தொட்டி நீர் நிரப்பிய வாளிக்கு மேலே பிடித்துக்கொண்டு, ஊசியில்லாத சிரிஞ்சில் சுவையூட்டாத சோடாவை நிரப்பித் துளைக்குள் பீச்சுங்கள். சில நிமிடங்களில் அது வாளிக்குள் குதித்துவிடும். தடித்த கையுறை கட்டாயம். ஆங்கிலம் பேசும் மீனவர்கள் இதற்குக் கட்டைவிரல் பிளப்பான் என்று பொருள்படும் பெயரை வைத்திருப்பது காரணமில்லாமல் இல்லை. பிடிபட்டதைக் கொல்லாதீர்கள். ஒரு சிறு தொட்டி, ஒரு குழாய்த் துண்டு, வாரத்திற்கு இரண்டு மூன்று முறை உணவு, இவை இருந்தால் ஆண்டுக்கணக்கில் வாழும். தனித்தொட்டி வைக்க இயலாவிட்டால், இதை விரும்பி வளர்ப்பவர்கள் உங்கள் ஊரிலேயே இருப்பார்கள், கடைக்காரரிடம் கேளுங்கள்.

கடைசியாக ஒன்று. பத்து நாளில் நத்தைகளை விட்டது அவசரம். பயணத்தில் இறந்த கடற்பஞ்சும் பிறவும் அழுகி அம்மோனியாவாகி, அது நைட்ரைட்டாகவும் பின் நைட்ரேட்டாகவும் மாறி அடங்குவதற்குப் பொதுவாக மூன்று முதல் ஆறு வாரங்கள் ஆகும். அளந்து பார்த்து, அம்மோனியாவும் நைட்ரைட்டும் சுழியம் ஆன பிறகே அடுத்த உயிரை விடுங்கள்.

கேள்வி: பாறையைக் கழுவும்போது என் மகனின் விரலில் ஏதோ முள் குத்தி எரிச்சல் எடுத்தது. இரவில் பார்த்தால், மயிர் முளைத்த புழுக்கள் பாறை இடுக்குகளில் நெளிகின்றன. பாறைகள் எல்லாவற்றையும் பெரிய இட்லிக் குண்டானில் போட்டுக் கொதிக்க வைத்துவிட்டால் ஒரேயடியாகத் தீர்ந்துவிடும் என்று என் அண்ணன் சொல்கிறார். அப்படிச் செய்யலாமா?
– வாசகி, சிங்கப்பூர்

பதில்: அம்மா, இந்தப் பக்கத்தில் வேறு எதையும் படிக்காவிட்டாலும் இதை மட்டும் உங்கள் அண்ணனுக்குப் படித்துக் காட்டுங்கள். உயிர்ப்பாறையை ஒருபோதும் கொதிக்க வைக்கக் கூடாது. வெந்நீர் ஊற்றக் கூடாது, நீராவியால் கழுவக் கூடாது, அடுப்பில் சுடக் கூடாது.

பாறையின் மீது பொத்தான்களைப் போலக் கூட்டமாக ஒட்டியிருக்கும் ஸோவாந்திட் என்னும் பவள உறவினங்கள் சிலவற்றில் பாலிடாக்ஸின் என்ற நச்சு இருக்கிறது. ஹவாய்த் தீவில் கிடைத்த பாலிதோவா வகையிலிருந்து 1971இல் இது பிரித்தெடுக்கப்பட்டது. உயிரணுக்களில் சோடியத்தையும் பொட்டாசியத்தையும் சமநிலையில் வைத்திருக்கும் இறைப்பியையே இது கெடுத்துவிடுவதால், மிகச் சிறு அளவிலும் கொடியது. பாறையைக் கொதிக்க வைத்தால் இந்த நச்சு ஆவித்துளிகளோடு கலந்து வீட்டின் காற்றில் பரவுகிறது. மூச்சுத்திணறல், இருமல், காய்ச்சல், நடுக்கம், வாயில் உலோகச் சுவை, கண்ணெரிச்சல் ஆகியன அறிகுறிகள். இதற்கென்று மாற்று மருந்து இல்லை. மருத்துவமனையில் அறிகுறிகளுக்குத்தான் சிகிச்சை அளிப்பார்கள். அலாஸ்காவில் 2012 முதல் 2014 வரை, மீன்தொட்டிக் கடையிலும் வீடுகளிலும் இருந்த ஸோவாந்திட்களால் இத்தகைய மூச்சுவழிப் பாதிப்பு நேர்ந்திருக்கலாம் என்று அமெரிக்க நோய்க் கட்டுப்பாட்டு மையம் 2015இல் அறிக்கை வெளியிட்டது. உங்கள் பாறையில் அவ்வுயிர் கண்ணுக்குத் தெரியவில்லை என்பதால் அங்கே இல்லை என்று சொல்லிவிட முடியாது. அறைக்குள் பிள்ளைகள் உறங்கும் அடுக்குமாடி வீட்டில் இந்தச் சோதனை வேண்டவே வேண்டாம். பாறையைத் தொடும்போதெல்லாம் கையுறை அணிவதும், தேய்த்துக் கழுவ நேர்ந்தால் கண்ணாடி அணிந்து தண்ணீருக்கு அடியில் வைத்தே கழுவுவதும் நல்ல பழக்கங்கள்.

இனி, புழுவுக்கு வருவோம். நீங்கள் பார்த்தவை முட்புழுக்கள். உடலின் இருபுறமும் வரிசையாக உள்ள வெண்ணிறக் குச்சங்களில் மெல்லிய முட்கள் இருக்கும். தேங்காய் நாரைத் தண்ணீரில் போட்டு இழுத்தாற்போல அது ஊர்ந்து போகும். மகனின் விரலில் ஒட்டும் நாடாவை அழுத்தி இழுத்தால் முட்கள் பெரும்பாலும் வந்துவிடும். வீக்கம் பரவினாலோ மூச்சுக்கு இடைஞ்சல் வந்தாலோ உடனே மருத்துவரிடம் போங்கள்.

ஆனால் அந்தப் புழுவைப் பகைவனாக எண்ண வேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறேன். மீன் தின்னாமல் விட்டதும், பாறைக்குப் பின்னால் விழுந்து அழுகுவதும், செத்த நத்தையின் சதையும் அதன் உணவு. நம் கை எட்டாத இடங்களை இரவெல்லாம் அது துப்புரவு செய்கிறது. அவை பெருகிவிட்டன என்றால் நீங்கள் மிகுதியாக உணவிடுகிறீர்கள் என்றுதான் பொருள். உணவைக் குறையுங்கள், எண்ணிக்கை தானே குறையும். கரீபியக் கடலிலிருந்தும் ஃப்ளோரிடாவிலிருந்தும் வரும் தாடிநெருப்புப் புழு ஒன்றுதான் விதிவிலக்கு. அது தடித்தும், தலையில் மடிப்பு மடிப்பான செந்நிறத் தசையோடும், பவளத்தின் மீதே ஏறி மேய்ந்துகொண்டும் இருக்கும். அதை இடுக்கியால் எடுத்துவிட வேண்டும்.

கேள்வி: ஒவ்வொரு நாள் காலையிலும் என் பவளங்களில் ஒன்று கத்தரித்தாற்போல வெட்டுப்பட்டிருக்கிறது. இங்கிலாந்தில் ஒரு காட்சிசாலையில் நான்கு அடிப் புழு ஒன்று இதையே செய்ததாகப் படித்தேன். அது உண்மையா? என் தொட்டியிலும் அப்படி இருக்குமா?
– வாசகர், லண்டன்

பதில்: உண்மைதான். கார்ன்வாலின் நியூகீ நகரில் உள்ள புளூ ரீஃப் காட்சிசாலையில் 2009இல் நடந்தது அது. பவளங்கள் இரவில் வெட்டுப்படுவதும் மீன்கள் காயப்படுவதுமாக மாதங்கள் கழிந்தன. வைத்த தூண்டில் பொறிகளும் பலிக்காமல், கடைசியில் தொட்டியின் பாறைகளை ஒவ்வொன்றாகப் பிரித்தபோது, ஏறத்தாழ நான்கு அடி நீளமான, யூனிசிட் என்னும் குடும்பத்தைச் சேர்ந்த கடற்புழு வெளிப்பட்டது. குட்டியாகப் பாறைக்குள் வந்து, யார் கண்ணிலும் படாமல் வளர்ந்திருக்கிறது. அதே ஆண்டில் ஜப்பானின் சேட்டோ துறைமுகத்தில் மிதவைத் தெப்பம் ஒன்றிலிருந்து கிடைத்த, அதே குடும்பத்தைச் சேர்ந்த யூனிசி அஃப்ரோடிடோய்ஸ் புழுவின் நீளம் 299 சென்டிமீட்டர். அதற்கு 673 உடற்கண்டங்கள் இருந்தன.

ஆயினும் உங்கள் வீட்டில் நான் முதலில் தேடச் சொல்வது நண்டைத்தான், ஏனெனில் அதுவே மிகவும் வழக்கமான குற்றவாளி. சிறு நண்டு கண்ணில் பட்டால் அதன் கொடுக்கைப் பாருங்கள். நுனி கரண்டியைப் போலக் குழிந்திருந்தால் பெரும்பாலும் பாசி தின்பது. எமரால்டு நண்டு இவ்வகை. நுனி கூர்மையாகவும் கறுத்தும், உடலெங்கும் மயிராகவும் இருந்தால் சதை தின்பது. சுண்டுவிரல் நகம் அளவில் வந்த அத்தகைய நண்டு ஒன்றை, இத்தனை சிறியது என்ன செய்துவிடப் போகிறது என்று என் முதல் தொட்டியில் விட்டு வைத்தேன். எட்டு மாதம் கழித்து, என் கையிலிருந்தே இரை வாங்கித் தின்னப் பழகியிருந்த கோபி மீனைப் பாதி உடலாகத்தான் அதன் பிடியிலிருந்து எடுக்க முடிந்தது. இரக்கத்தால் செய்த பிழை அது. அந்த மீனை இன்றும் நினைத்துக்கொள்கிறேன்.

உயரமான கண்ணாடித் தம்ளர் ஒன்றில் சிறு இறால் துண்டை இட்டு, அதன் விளிம்பு பாறையில் படும்படி சாய்த்து வைத்துவிட்டு உறங்கப் போங்கள். நண்டு உள்ளே இறங்கும்; வழுக்கும் சுவரில் ஏற முடியாமல் காலையில் அங்கேயே இருக்கும். மூன்று நான்கு இரவுகள் வைத்தும் எதுவும் விழவில்லை, வெட்டு மட்டும் தொடர்கிறது என்றால், சிவப்பு விளக்கோடு காத்திருங்கள். எண்ணெய் படிந்த நீரைப் போல நிறம் மின்னும் உடலும், தலையில் ஐந்து உணர்கொம்புகளும் கொண்ட புழு வளையிலிருந்து நீண்டு மின்னலைப் போலத் திரும்பிப் போனால் அது யூனிசிட். இழுத்து அறுக்க முயலாதீர்கள். எஞ்சிய பகுதி மீண்டும் வளரக்கூடும். அந்தப் பாறையைத் தனி வாளிக்கு மாற்றுவதே வழி.

கேள்வி: கண்ணாடியால் செய்தாற்போன்ற பழுப்பு நிறச் சிறு கடல் சாமந்திகள் பாறையில் முளைத்தன. அழகாக இருந்ததால் விட்டுவிட்டேன். அவை பெருகியபோது கத்தியால் சுரண்டினேன். இப்போது முன்பைவிட மூன்று மடங்காகிவிட்டன.
– வாசகர், டொராண்டோ

பதில்: அவை ஐப்டேசியா. சுரண்டியதுதான் தவறு, அடிப்பாதத்திலிருந்து விடுபடும் துணுக்கு ஒவ்வொன்றும் புதிய சாமந்தியாக வளரும். கொட்டும் இழைகளால் அருகில் உள்ள பவளங்களை அவை சுடும் என்பதால் விட்டுவைக்கவும் கூடாது.

பத்துக்குள் இருந்தால் சுண்ணாம்பே மருந்து. மீன்தொட்டிக்கென விற்கும் தூய கால்சியம் ஹைட்ராக்சைடைத் தயிர்ப் பதத்தில் குழைத்து, நீரோட்டக் கருவிகளை நிறுத்திவிட்டு, சிரிஞ்சால் மெதுவாக அதன் வாயை மூடும்படி வையுங்கள். அது சுருங்குவதற்கு முன் வைத்துவிட வேண்டும் என்பதால், நிழல் படாமல் பக்கவாட்டிலிருந்து அணுகுங்கள். நீரின் காரத்தன்மை உயரும். ஒரு நாளில் மூன்று நான்கிற்கு மேல் வேண்டாம். வெற்றிலைக்குப் போடும் சுண்ணாம்பும் அதே சேர்மந்தானே என்று கேட்பீர்கள். அதில் என்ன கலந்திருக்கிறது என்று தெரியாது; பயன்படுத்தாதீர்கள்.

நூற்றுக்கணக்கில் பெருகியிருந்தால் பெர்கியா என்னும் சிறு கடல் நத்தையை நாடுங்கள். ஓடில்லாத இந்த நத்தை ஐப்டேசியாவைத் தவிர வேறெதையும் உண்ணாது. வேலை முடிந்ததும் பட்டினியால் இறந்துவிடும் என்பதால், அதற்கு முன்பே தேவைப்படும் வேறொருவருக்குக் கொடுத்துவிடுங்கள்.

கேள்வி: கண்ணாடியில் வெள்ளைப் புள்ளிகளாய் ஏதோ துள்ளுகின்றன, நகத்தளவு நட்சத்திர மீன்கள் ஒட்டியிருக்கின்றன, பாறை இடுக்கில் நூல் போன்ற கைகள் ஆடுகின்றன. இவ்வளவு பூச்சிகளோடு வந்ததற்கா இத்தனை விலை?
– வாசகி, கோலாலம்பூர்

பதில்: அவற்றுக்காகத்தான் அந்த விலை. துள்ளும் புள்ளிகள் கோபிபாட் என்னும் நுண்ணிய ஓட்டுடலிகள். மாண்டரின் மீனுக்கு அவைதாம் சோறு. நட்சத்திரங்கள் ஆஸ்டெரினாவாக இருக்கலாம். பெரும்பாலும் பாசிப் படலத்தை மேய்பவை. ஆடும் கைகள் நொறுங்கு நட்சத்திர மீனுடையவை. மிதந்து வரும் துணுக்குகளைப் பிடித்துண்பவை.

ஜகார்த்தாவைச் சேர்ந்த லீ சின் எங், 1960களின் தொடக்கத்திலேயே உயிர்ப்பாறையையும் காற்றுக் குமிழிகளையும் மட்டும் கொண்டு பவளங்களை வளர்த்துக் காட்டினார். உலகம் அதைப் பின்பற்றப் பத்தாண்டுகளுக்கு மேல் ஆயிற்று. 1970களில் பெர்லின் நகரத்து ஆர்வலர்கள் அதோடு, நீரில் கரைந்த கழிவை நுரையாக்கி வெளியேற்றும் கருவியான புரத ஸ்கிம்மரைச் சேர்த்து உருவாக்கிய முறைதான் இன்று வீட்டுத் தொட்டிகளுக்கு அடிப்படை. பாறையின் மேற்பரப்பில் உள்ள பாக்டீரியா அம்மோனியாவை மாற்ற, உள்ளே உயிர்வளி குறைந்த துளைகளில் உள்ளவை நைட்ரேட்டையும் உடைக்கின்றன. நீங்கள் பூச்சி என்று எழுதியிருப்பவை அந்தப் பாறை இன்னும் உயிரோடிருக்கிறது என்பதற்குச் சான்று. கவலையை விட்டு, ஒரு பூதக்கண்ணாடி வாங்கிப் பாருங்கள்.

கேள்வி: எங்கள் ஊர்க் கடற்கரையில் பவளக்கற்கள் ஒதுங்குகின்றன. இறக்குமதிப் பாறைக்குப் பதிலாக அவற்றையே எடுத்துப் பயன்படுத்தலாமா? தொட்டியில் வேண்டாத உயிர் பிடிபட்டால் கடலிலேயே விட்டுவிடலாம் அல்லவா?
– வாசகர், ராமநாதபுரம்

பதில்: இரண்டும் கூடாது.

கடின பவளங்கள் அனைத்தும் 1972ஆம் ஆண்டின் வன உயிரினப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் 2001இல் சேர்க்கப்பட்டன. புலிக்கு உள்ள பாதுகாப்பு அவற்றுக்கும் உண்டு. கரையில் ஒதுங்கிய இறந்த துண்டை வீட்டுக்கு எடுத்துப் போவதும் குற்றம். சட்டத்தை விடுங்கள், உங்கள் கண்முன் நடந்ததைப் பாருங்கள். மன்னார் வளைகுடாவின் 21 தீவுகளில் விலங்குச்சல்லியும் பூவரசன்பட்டியும் நீருக்குள் மூழ்கிப்போனதற்குப் பல ஆண்டுகள் பவளக்கல் வெட்டியெடுத்தது முதன்மையான காரணம். அலையைத் தாங்கிய அரண் போனது, மண்ணும் போனது. உங்கள் தொட்டிக்குப் பீங்கானாலோ சிமென்டாலோ செய்த செயற்கைப் பாறை போதும். புட்டியில் விற்கும் பாக்டீரியாவைச் சேர்த்து இரண்டு மாதம் பொறுத்தால் அதுவும் உயிர்ப்பாறையாகும்.

கடலில் விடுவது அதைவிடப் பெரிய தீங்கு. மீன்தொட்டிகளில் வளர்க்கப்பட்ட காலெர்ப்பா டாக்ஸிஃபோலியா என்னும் பாசி, 2000ஆம் ஆண்டு கலிஃபோர்னியாவின் அகுவா ஹெடியோண்டா காயலில் பரவியிருந்தது கண்டறியப்பட்டது. தார்ப்பாய் போர்த்தி, உள்ளே குளோரின் செலுத்தி, 70 லட்சம் டாலர் அளவுக்குச் செலவிட்டு, 2006இல்தான் முற்றிலும் ஒழிந்ததாக அறிவித்தார்கள். உங்கள் கடலிலேயே, வளர்ப்புக்காகக் கொண்டுவந்த கப்பாஃபைகஸ் பாசி குருசடைத் தீவின் பவளங்களின் மீது படர்ந்த செய்தியை நீங்கள் அறிந்திருப்பீர்கள். வேற்றுக் கடலின் உயிரை மட்டுமன்று, அது கிடந்த நீரையும் கடலிலோ காயலிலோ ஊற்றாதீர்கள். தொட்டி நீரை வீட்டுச் சாக்கடையில் ஊற்றுங்கள். வேறு யாரும் ஏற்க முன்வராத உயிரை, நீரோடு ஒரு பெட்டியில் வைத்து மெல்லக் குளிர்வித்து, பின் உறைய வைத்து, இரண்டு நாள் கழித்துப் புதைத்துவிடுங்கள்.